சோவியத் போர்ப் பதக்க ஆய்வை எங்கே தொடங்குவது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

“செந்நட்சத்திரம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, பின்புறம் எண் இருக்கிறது, வாங்கலாமா?” என்று ஒரு வாசகர் அந்தச் சோவியத் விருதின் படத்தோடு எழுதியிருந்தார். பதக்கம் எதையும் வாங்காமலே இந்த ஆய்வில் இறங்க முடியுமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கல்லூரி மாணவர் ஒருவர் தன்னிடமுள்ள சிறு தொகையைச் சொல்லி, அதற்கு ஸ்டாலின்கிராடு பதக்கம் வாங்குவதா, பதக்கத்தோடு தரப்பட்ட, பெயர் எழுதிய பழைய சான்றேடு வாங்குவதா என்று முடிவெடுக்க முடியாமல் தவிப்பதாக எழுதினார். மூவரும் ஒரே வாசலில்தான் நிற்கிறார்கள். உள்ளே போக நான்கு வழிகள் இருக்கின்றன. எது யாருக்குப் பொருந்தும் என்பதை இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 1941 ஜூன் 22 தொடங்கி 1945 மே 9 வரை ஜெர்மனியோடு நடந்த போரில் சோவியத் நாடு ஏறத்தாழ 2.7 கோடி மக்களை இழந்தது. அந்தப் பேரழிவுக்குள் ஒரே ஒரு ஆளை, அவர் இருந்த ஒரு நாளை, ஓர் ஆற்றங்கரையை நமக்குக் காட்டக்கூடியது பதக்கம். ஆள் தெரியாமல் போனால் கையில் மிஞ்சுவது வெள்ளியோ பித்தளையோதான். ஆகவே அரிதா, அழகா என்ற கேள்விகளைப் பின்னுக்குத் தள்ளி, ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்க்குமா என்பதை முன்னால் வைக்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் அதுதான்: இந்தப் பொருளிலிருந்து ஒரு பெயருக்குப் போக வழி இருக்கிறதா? இரண்டாவது, பெயர் கிடைத்தபின் ஆவணம் எவ்வளவு பேசும்? இரண்டு வரியா, ஒரு பக்கமா? மூன்றாவது மொத்தச் செலவு. பதக்கத்தின் விலையோடு தபால், சுங்கம், காப்பகத் தேடல் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். நான்காவது போலி. ஐந்தாவது சட்டமும் மனசாட்சியும். ரஷ்யாவில் அரசு விருதுகளை விற்பதும் வாங்குவதும் குற்றவியல் சட்டத்தின் 324ஆம் பிரிவின்படி குற்றம். அங்கிருந்து யாராவது அனுப்பி வைப்பதாகச் சொன்னால் அந்தப் பேச்சை அப்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் பொழுதும் ரஷ்ய மொழியும். ரஷ்ய எழுத்துகள் 33. அச்செழுத்தைப் படிக்க இரண்டு வாரம் போதும். கையெழுத்தைப் படிக்கப் பல மாதங்கள் ஆகும். இந்த வித்தியாசத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

## முதல் வழி: எண் பொறித்த விருது

பெரும்பாலோர் கண்ணில் முதலில் படுவது செந்நட்சத்திர விருது. 1930 ஏப்ரல் 6 அன்று உருவாக்கப்பட்டது. முதலாவதைப் பெற்றவர் தளபதி வசீலி புளூஹெர். வெள்ளியில் வார்த்து, ஐந்து முனைகளிலும் மாணிக்கச் சிவப்பு எனாமல் ஏற்றியிருப்பார்கள். நடுவில் துப்பாக்கி ஏந்திய வீரன், அவனைச் சுற்றி உலகத் தொழிலாளர்களே ஒன்றுசேருங்கள் என்ற வாசகம். எடை 33 கிராமுக்கு அருகில் இருக்கும். திருப்பினால் நாணயச் சாலையின் பெயரும், கையால் செதுக்கிய வரிசை எண்ணும், நடுவில் ஒரு திருகும் தெரியும். காதுத் தோட்டுக்குத் திருகாணி போடுவதுபோலச் சட்டைத் துணிக்குப் பின்னால் வட்ட மரையைத் திருகி அணிந்துகொள்வார்கள். மொத்தம் ஏறத்தாழ 38 லட்சம் வழங்கப்பட்டதால், எண்ணுள்ள விருதுகளில் எளிதில் கிடைப்பது இதுதான்.

எண்ணிலிருந்து ஆளுக்குப் போகும் வழி இப்படி இருக்கிறது. விருது பெற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவட்டை எழுதப்பட்டது. பெயர், அப்பாவின் பெயர், பிறந்த ஆண்டு, ஊர், தேசிய இனம், படிப்பு, எப்போது படையில் சேர்ந்தார், என்னென்ன விருதுகள், ஒவ்வொன்றின் எண் என்ன, எந்த ஆணையின்படி கிடைத்தது என்பவை எல்லாம் அதில் இருக்கும். இந்த ராணுவப் பதிவுகள் மாஸ்கோவுக்குத் தெற்கே பதோல்ஸ்க் நகரில் உள்ள பாதுகாப்பு அமைச்சகத்தின் மையக் காப்பகத்தில் இருக்கின்றன. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். இணையத்தில் உள்ள ரஷ்ய விருதுத் தரவுதளங்களில் பெயரைக் கொடுத்துத் தேடலாம்; கையில் இருக்கும் விருதின் எண்ணைக் கொடுத்துத் தேட முடியாது. எண்ணிலிருந்து பெயருக்குப் போகக் காப்பகத்தில் ஒருவர் தேடித்தர வேண்டும். அதற்கான கூலி பல சமயம் விருதின் விலையையே தொட்டுவிடும். 2022க்குப் பிறகு அங்கே பணம் அனுப்புவதும் கடினமாகிவிட்டது.

பெயர் கிடைத்துவிட்டால் செந்நட்சத்திரம் தாராளமாகப் பேசும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு பரிந்துரைத் தாள் எழுதப்பட்டிருக்கும். நக்ரத்னோய் லிஸ்த் என்பார்கள். மேலே கட்டங்கள்: பிறந்த ஆண்டு, இனம், கட்சி உறுப்பினரா, எந்தப் போர்முனைகளில் இருந்தார், எத்தனை முறை காயம்பட்டார், முன்பு பெற்ற விருதுகள், எந்த ஊர் ஆள்சேர்ப்பு நிலையம் அழைத்தது, வீட்டு முகவரி. கீழே அவர் செய்த காரியத்தின் விவரிப்பு. அதன் பின்புறம் மேலதிகாரிகளின் முடிவுகள், ஒவ்வொன்றும் வேறொரு மையில். நான் பார்த்த ஒரு தாளில் படைப்பிரிவுத் தலைவர் செங்கொடி விருதுக்குப் பரிந்துரைத்திருந்தார். இரண்டு கையெழுத்து தாண்டி, மேலே இருந்த ஒருவர் செந்நட்சத்திரம் போதும் என்று முடித்திருந்தார். ஆற்றைக் கடந்து குண்டுமழைக்கு நடுவே படகுத்துறை அமைத்த அந்தச் சிப்பாய்க்கு, தன் விருது இடையில் ஒரு படி இறங்கியது கடைசிவரை தெரிந்திருக்காது. அதை எண்பது ஆண்டு கழித்து நாம் படிக்கிறோம்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். 1944 ஜூன் மாத ஆணை ஒன்றின்படி, பத்தாண்டுப் படைப்பணிக்குப் ‘போர்ப்பணிக்காக’ பதக்கமும், பதினைந்து ஆண்டுக்குச் செந்நட்சத்திரமும், இருபது ஆண்டுக்குச் செங்கொடியும் வழங்கினார்கள். 1957 வரை இந்த வழக்கம் இருந்தது. ஆகவே உங்கள் கையில் இருக்கும் நட்சத்திரம் போர்க்களத்தில் கிடைத்ததாகவும் இருக்கலாம், ஆண்டுக் கணக்கில் கிடைத்ததாகவும் இருக்கலாம். இரண்டாவது வகைக்குப் பரிந்துரைத் தாளில் வீரக்கதை எதுவும் இராது. நீண்ட பட்டியலில் ஒரு பெயராக நிற்கும். நான் வாங்கிய முதல் நட்சத்திரம் அப்படிப்பட்டது. அட்டை வர ஐந்து மாதம் காத்திருந்தேன். வந்தபோது விருதுக்கு நேரே 1950களின் தேதி. மனம் விட்டுப்போயிற்று. பிறகுதான் அதே அட்டையின் மேல் வரியைப் படித்தேன்: ‘துணிவுக்காக’ பதக்கம், 1943. அந்தப் பெயரை வைத்துத் தேடியபோது ரெஜிமெண்ட் ஆணையில் இரண்டே வரி கிடைத்தது. பீரங்கித் தாக்குதலுக்கு இடையே அறுந்த தொலைபேசிக் கம்பியைப் பதினோரு இடங்களில் ஒட்டுப்போட்டவர் அவர். நட்சத்திரம் சொல்லாததை அட்டை சொன்னது. அதனால்தான் எண்ணுள்ள விருதை வாங்குவோர் அட்டைக்கான செலவையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும் என்கிறேன். அட்டை இல்லாத எண்ணுள்ள விருது பாதி வேலை.

போலி விஷயத்தில் எச்சரிக்கை அதிகம் தேவை. முழுப் போலியைவிட ஆபத்தானது, உண்மையான விருதில் எண்ணைச் சுரண்டிவிட்டு வேறு எண்ணைச் செதுக்குவது. எண் இருக்கும் இடம் சுற்றுப்புறத்தைவிடச் சற்றுக் குழிந்தோ அதிகம் வழவழப்பாகவோ இருந்தால் வாங்காதீர்கள். உடைந்த எனாமலுக்குப் பதில் சிவப்புப் பிசினை நிரப்பியிருப்பதும் உண்டு. பூதக் கண்ணாடியில் விளக்கொளியைச் சாய்த்துப் பார்த்தால் உண்மையான எனாமல் கண்ணாடிபோல் மின்னும். பிசின் மங்கி நிற்கும். எண் 35 லட்சத்துக்கு மேல் என்றால் அது போர் முடிந்து வெகுகாலத்துக்குப் பிந்தியது. ஆப்கானிஸ்தானில் போரிட்டவர்களுக்கும் இதே விருது வழங்கப்பட்டது. அந்தக் காலத்தை ஆராய்பவருக்கு அதுவே பொருத்தமாக இருக்கலாம்.

இந்தக் குடும்பத்தில் இன்னும் மூன்றைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும்.

புகழ் விருது, மூன்றாம் வகுப்பு. 1943 நவம்பர் 8 அன்று உருவானது. சிப்பாய்களுக்கும் சார்ஜெண்ட்களுக்கும், விமானப்படையில் ஜூனியர் லெப்டினன்ட்களுக்கும் மட்டுமே உரியது. ஆரஞ்சும் கறுப்பும் கலந்த நாடா, நடுவில் கிரெம்ளினின் ஸ்பாஸ்கயா கோபுரம். மூன்றாம் வகுப்பு ஏறத்தாழ பத்து லட்சம். முதல் வகுப்பு மூவாயிரத்துக்கும் குறைவு. பணி ஆண்டுக் கணக்கில் இதை வழங்கவில்லை. போர்க்களத்துச் சாதாரணச் சிப்பாயின் கதை வேண்டும் என்பவருக்குச் செந்நட்சத்திரத்தைவிட இதையே சிபாரிசு செய்வேன். முதல் வகுப்பு தங்கம் என்பதால் போலிகள் மிகுதி. அந்தப் பக்கம் போக வேண்டாம்.

தேசபக்தப் போர் விருது. 1942 மே 20 அன்று உருவானது, இரண்டு வகுப்புகள். வைத்திருந்தவர் இறந்தபின் குடும்பத்தாரே நினைவாக வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதிக்கப்பட்ட முதல் சோவியத் விருது இது. அதற்கு முந்தியவற்றை அரசிடம் திருப்பித்தர வேண்டியிருந்தது. ஆனால் 1985இல், வெற்றியின் நாற்பதாம் ஆண்டையொட்டி, அப்போது உயிரோடிருந்த முன்னாள் வீரர்களுக்கு இதை லட்சக்கணக்கில் வழங்கினார்கள். இன்று சந்தையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இந்த 1985 வகை. அதற்குப் பின்னால் இருப்பது பெயர், பிறந்த ஆண்டு, ஊர் என்று சில விவரங்கள் கொண்ட ஓர் அட்டை மட்டுமே. போர்க்கால விருது என்று சொல்லி இதை விற்பவர்கள் உண்டு.

‘துணிவுக்காக’ பதக்கம். 1938 அக்டோபர் 17. வெள்ளி வட்டம், 37 மில்லிமீட்டர் விட்டம். மேலே மூன்று விமானங்கள், கீழே ஒரு டாங்கி. போர்க்காலத்தவற்றில் பெரும்பாலும் எண் உண்டு. 1942 நவம்பர் முதல் ரெஜிமெண்ட் தலைவரே இதை வழங்கலாம் என்றானது. ஆகையால் இதற்குத் தனித் தாள் அரிது; ஆணையில் பலரோடு சேர்த்து இரண்டு, மூன்று வரி. ஆனால் அந்த இரண்டு வரியும் சண்டை நடந்த இடத்துக்கு மிக அருகிலிருந்து, ஆளைத் தெரிந்தவர்கள் எழுதியவை. எனக்கு எல்லாப் பதக்கங்களிலும் பிடித்தது இதுவே.

## இரண்டாம் வழி: எண் இல்லாத பதக்கம்

ஸ்டாலின்கிராடு, லெனின்கிராடு, ஒடெஸா, செவஸ்தபோல் ஆகிய நான்கு நகரங்களின் பாதுகாப்புப் பதக்கங்களும் 1942 டிசம்பர் 22 அன்று ஒன்றாக அறிவிக்கப்பட்டன. லெனின்கிராடு பதக்கம் ஏறத்தாழ 14.7 லட்சம் பேருக்கும், ஸ்டாலின்கிராடு பதக்கம் ஏறத்தாழ 7.6 லட்சம் பேருக்கும் கிடைத்தது. ‘ஜெர்மனிமீது வெற்றி’ பதக்கம் 1945 மே 9 அன்றே அறிவிக்கப்பட்டு ஒன்றரைக் கோடிப் பேரை நெருங்கியது. அதில் ஸ்டாலினின் முகம் இடப்பக்கம், அதாவது மேற்கு நோக்கித் திரும்பியிருக்கும். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஜப்பான் வெற்றிப் பதக்கத்தில் முகம் வலப்பக்கம், கிழக்கு நோக்கித் திரும்பியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தப் போரின் வரைபடமே கண்முன் வரும்.

இந்தப் பதக்கங்கள் பித்தளை, விலை குறைவு, மாணவர் கையிலிருக்கும் தொகைக்குள் அடங்கும். முதல் அளவுகோலில் மட்டும் தோற்றுவிடுகின்றன. எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. இதை அணிந்தவர் யார் என்று எவராலும் சொல்ல முடியாது. லெனின்கிராடு பதக்கத்தைப் பீரங்கிப் படைவீரரும் பெற்றார், முற்றுகைக்குள் ஆலையில் வேலை செய்தவரும் பெற்றார். நகரைச் சுற்றி அகழி வெட்டிய பெண்ணும் பெற்றாள். உங்கள் கையில் இருப்பது யாருடையது? தெரியாது.

சுலபமாகக் கிடைப்பவற்றில் போலி குறைவு. ஒடெஸா பதக்கம் போல ஏறத்தாழ 30,000 பேருக்கு மட்டும் வழங்கப்பட்டவற்றில் அதிகம். கண்ணில் படாத செலவு ஒன்றும் உண்டு: மலிவாக இருப்பதால் ஒன்று, இரண்டு, பத்து என்று சேர்ந்துவிடும். வரிசை முழுமையாக வேண்டும் என்ற ஆசை பிறந்துவிட்டால் ஆய்வு நின்று சேகரிப்பு மட்டும் மிஞ்சும். அதில் தவறில்லை. நாடாக்களின் நிறம், தொங்கட்டானின் வடிவம், வார்ப்பு வேறுபாடுகள் என்று அந்த உலகமும் ஆழமானதே. ஆனால் ஆளைத் தேடி வந்தவருக்கு அது வேறு சாலை.

பள்ளியில் வரலாறு நடத்துபவருக்கு இந்த வழியைத் தயங்காமல் சொல்வேன். லெனின்கிராடு 872 நாள் முற்றுகையிடப்பட்டது என்று சொல்லிக்கொண்டே அந்தப் பதக்கத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பாருங்கள். வகுப்பு அமைதியாகிவிடும்.

## மூன்றாம் வழி: பெயர் எழுதிய சான்றேடு

பதக்கத்தோடு தரப்பட்ட மடித்த தாளையும், விருது பெற்றவருக்கான சிவப்பு அட்டைப் புத்தகத்தையும் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். பளபளப்பு இல்லாததால் விலையும் குறைவு. ஆனால் முதல் அளவுகோலில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. பெயர் நேராக அதிலேயே எழுதியிருக்கிறது. காப்பகத்துக்குக் கூலி கொடுக்கத் தேவையில்லை. பெயரை எடுத்துத் தரவுதளத்தில் இட்டால் போதும்.

என்னிடம் உள்ள ஸ்டாலின்கிராடு சான்றேடு உள்ளங்கை அகலம். மடிப்பில் கிழிந்து, யாரோ பின்னாலிருந்து மெல்லிய தாளை ஒட்டியிருக்கிறார்கள். பதவியும் பெயரும் ஊதா மையில். முத்திரை பாதி பதிந்து பாதி நழுவியிருக்கிறது. பெற்றவரின் பெயரில் கடைசி எழுத்தை எழுத்தர் அடித்துத் திருத்தியிருக்கிறார். அந்தத் திருத்தம்தான் என்னை ஒரு மாதம் அலையவைத்தது. பெற்றவர் மத்திய ஆசியாவைச் சேர்ந்தவர். உஸ்பெக், கசாக் பெயர்களை ரஷ்ய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே ஆள் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருப்பார். நம் ரேஷன் அட்டையில் ஒரு பெயர், வாக்காளர் பட்டியலில் ஒரு பெயர் இருப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புரியாத சிக்கல் இல்லை. எந்த எழுத்து எதுவாக மாறியிருக்கும் என்று யோசித்து, ஒவ்வொன்றாக மாற்றி மாற்றித் தேட வேண்டும்.

எதிர்ச் சிக்கலும் உண்டு. இவான் என்ற பெயரும் இவனோவ் என்ற குடும்பப் பெயரும் கொண்டவர் ஆயிரக்கணக்கில் வருவார்கள். பதக்கச் சான்றேட்டில் பிறந்த ஆண்டு இராது. இங்கே உதவுவது நடுப்பெயர். நாம் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயரிலிருந்து முதலெழுத்தை வைப்பதுபோல, அவர்கள் நடுவில் அப்பாவின் பெயரை வைக்கிறார்கள். இவான் பெத்ரோவிச் என்றால் பியோத்தரின் மகன். குடும்பப் பெயர், பெயர், அப்பாவின் பெயர் மூன்றும் தெளிவாக இருக்கும் சான்றேட்டையே வாங்குங்கள். அதிலும் அரிய குடும்பப் பெயராக இருந்தால் இரட்டிப்பு நல்லது.

சிவப்புப் புத்தகம் கிடைத்தால் அதில் இன்னொரு காலமும் இருக்கிறது. விருது பெற்றவர்களுக்கு மாதாமாதம் சிறு தொகை கிடைத்துவந்தது: செந்நட்சத்திரத்துக்கு 15 ரூபிள், ‘துணிவுக்காக’ பதக்கத்துக்கு 10, ‘போர்ப்பணிக்காக’ பதக்கத்துக்கு 5. 1948 ஜனவரி 1 முதல் அதை நிறுத்திவிட்டார்கள். போரிலிருந்து கையோ காலோ இழந்து திரும்பியவனுக்கு அந்தப் பத்து ரூபிள் நின்றுபோன மாதம் எப்படி இருந்திருக்கும் என்பது எந்தப் பரிந்துரைத் தாளிலும் எழுதப்படாத வரலாறு.

மறைந்திருக்கும் அபாயம்: எழுதப்படாத பழைய படிவத்தில் இன்று பெயர் எழுதி விற்பது. மை தாளின் இழைக்குள் ஊறிப் பரவியிருக்கிறதா, மடிப்பு விழுந்தபின் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மடிப்பின்மேல் மை கசிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். சான்றேட்டோடு எண் இல்லாத பதக்கத்தைச் சேர்த்து ஜோடி என்று விற்றால், அந்த இரண்டும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. சான்றேட்டுக்கு மட்டும் விலை பேசுங்கள்.

மனசாட்சியின் கேள்வி இந்த வழியில்தான் கூர்மையாக எழுகிறது. தாத்தாவின் பெயர் எழுதிய தாள் அது. பேரப்பிள்ளைகள் எங்கோ அதைத் தேடிக்கொண்டிருக்கலாம். நான் வாங்கும் ஒவ்வொன்றையும் நல்ல தெளிவில் படமெடுத்து வைக்கிறேன். குடும்பத்தார் கேட்டால் கொடுப்பது என்ற முடிவோடுதான் வாங்குகிறேன். அதற்கு மனம் இடம் தராதவர்கள் இந்த வழியில் வர வேண்டாம்.

## நான்காம் வழி: பொருள் எதுவும் இல்லாமல், ஆவணம் மட்டும்

ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் தன் காப்பகத்தின் ஒரு பகுதியை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. ‘மெமோரியல்’ என்ற தரவுதளம் இறந்தோரையும் காணாமற்போனோரையும் பற்றியது. 2010இல் திறந்த ‘போத்விக் நரோதா’ விருது ஆணைகளும் பரிந்துரைத் தாள்களும் கொண்டது. 2015இல் வந்த ‘பாமியத் நரோதா’ இவற்றை ஒன்றுசேர்த்து, படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகளையும் வரைபடங்களையும் கூட்டியது. கட்டணம் எதுவும் இல்லை. வெளிநாட்டிலிருந்து பார்த்தால் சில நாட்களில் இந்தத் தளங்கள் திறக்காது, பொறுமை வேண்டும். கிடைத்ததை உடனே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியில் போனவருக்குத் தெரிவது, பதக்கம் வாங்கியவருக்குத் தெரிவதே இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஓர் எடுத்துக்காட்டு. ‘காவல்’ என்ற சிறப்புப் பெயர் பெற்ற 13ஆவது காலாட்படைப் பிரிவு, தளபதி ரதீம்செவ் தலைமையில், 1942 செப்டம்பர் நடுவில் இரவோடிரவாக வோல்காவைக் கடந்து, எரிந்துகொண்டிருந்த ஸ்டாலின்கிராடுக்குள் இறங்கியது. போரின் மிகக் கடினமான நாட்களில் சில அவை. அந்த மாதத்தில் எழுதப்பட்ட விருதுகளையும், 1944, 1945இல் வெற்றிமேல் வெற்றியாக மேற்கே போனபோது குவிந்த விருதுகளையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முன்னவை குறைவாகவே இருக்கும். 1941இன் பின்வாங்கல் நாட்களில் விருதுகள் இன்னும் குறைவு. கீவில் 1941 செப்டம்பரிலும், வியாஸ்மாவில் அக்டோபரிலும் சுற்றிவளைக்கப்பட்ட படைகள் ஆளோடும் காகிதத்தோடும் அழிந்தன. விருது கிடைக்கவேண்டுமானால் பார்த்த தலைவர் பிழைத்திருக்க வேண்டும், எழுதும் எழுத்தர் பிழைத்திருக்க வேண்டும், தாள் தலைமையகம் சேர வேண்டும். மிகக் கடுமையாகப் போரிட்டவர்களில் எத்தனையோ பேரைப் பதக்கப் பெட்டியில் காண முடியாது. ‘மெமோரியல்’ பட்டியலில் ‘தகவல் இல்லை’ என்ற சொல்லுக்கு எதிரேதான் காணலாம்.

வேலை முறை எளிது, நீளமானது. ஒரு படைப்பிரிவைப் பிடியுங்கள். பரிந்துரைத் தாளில் உள்ள நாளையும் ஊரையும் எடுத்து, அதே பிரிவின் போர் நாட்குறிப்பில் அந்த நாளைத் திறந்து பாருங்கள். தாள் இருபது எதிரிகளைக் கொன்றார் என்று சொல்லும். நாட்குறிப்பு அன்று அந்தப் பகுதியில் சிறு மோதல் மட்டுமே என்று சொல்லும். விருது வாங்கித்தர எழுதப்பட்ட தாள் மிகைப்படுத்துவது இயல்பு. இரண்டையும் ஒட்டிவைத்துப் படிக்கும்போதுதான் அந்த நாள் உண்மையான அளவுக்கு வரும்.

இதன் விலை பொழுதுதான். தட்டச்சில் உள்ள தாள்களை மொழிபெயர்ப்புச் செயலிகள் ஓரளவு பெயர்த்துவிடும். பென்சிலில் அவசரமாக எழுதியவற்றை நீங்களே படிக்கக் கற்க வேண்டும். கையெழுத்தில் பல ரஷ்ய எழுத்துகள் ஒரே மாதிரியான செங்குத்துக் கோடுகளாக நிற்கும். முதல் மாதம் எழுத்தெண்ணியே படிப்பீர்கள். கையில் தொட்டுப் பார்க்க எதுவும் இல்லாததால் சிலருக்கு ஆர்வம் வடிந்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு சான்றேட்டை வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டு வேலை செய்யட்டும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | எண்ணுள்ள விருது | எண்ணில்லாப் பதக்கம் | சான்றேடு | ஆவணம் மட்டும் |
|---|---|---|---|---|
| ஆளைச் சேருமா | காப்பகத் தேடலுக்குப் பின் | சேராது | நேராக | நீங்கள் தேர்ந்த ஆளை |
| ஆவணம் பேசுமா | ஒரு பக்கம்வரை, பணிக்கால விருது என்றால் ஒரு வரி | இல்லை | பெயரைப் பொறுத்து | மிக ஆழமாக |
| செலவு | விலையும் தேடல் கூலியும் | குறைவு, ஆனால் பெருகும் | குறைவு | பொழுது |
| போலி | எண் மாற்றம், எனாமல் ஒட்டு | அரியவற்றில் | புதிதாக நிரப்பிய படிவம் | கிடையாது |
| மொழி | நடுத்தரம் | தேவை மிகக் குறைவு | பெயர் படிக்கத் தெரிந்தால் போதும் | கையெழுத்துவரை |

## கேட்ட மூவருக்கும்

கல்லூரி மாணவருக்கு: சான்றேடு. அரிய குடும்பப் பெயராகப் பார்த்து ஒன்றே ஒன்று. மீதிப் பணத்தைத் தொடாதீர்கள். அந்த ஒரு பெயரை ஆறு மாதம் துரத்துங்கள்.

வாங்காமல் இறங்க முடியுமா என்று கேட்டவருக்கு: முடியும், அதுவே சிறந்த தொடக்கம் என்பேன். எனக்கு மறுபடி தொடங்க வாய்ப்பிருந்தால் நான்காம் வழியில் ஓராண்டு நடந்தபிறகே முதல் விருதை வாங்குவேன்.

செந்நட்சத்திரத்தின் படத்தை அனுப்பியவருக்கு: எண்ணையும் எனாமலையும் பாருங்கள், விற்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று கேளுங்கள், தேடல் கூலியைச் சேர்த்தும் கட்டுப்படியானால் வாங்குங்கள். வாங்கியபின் விபூதி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். வெள்ளி கறுத்தபடியே இருக்கட்டும். அந்தக் கறுப்புக்கும் வயதுண்டு. மரையை இறுக்காதீர்கள், திருகு உடையும்.

வாங்குவதற்கு முன்னால் அவருக்கு இன்னொரு வேலையும் தருகிறேன். 1944இல் செந்நட்சத்திர விருது பெற்ற இந்தியர் இருவர் உண்டு: சுபேதார் நாராயண ராவ் நிக்கம், ஹவில்தார் கஜேந்திர சிங். ராயல் இந்திய ராணுவச் சேவைப் படையில் இருந்து, ஈரான் வழியாகச் சோவியத் படைகளுக்குப் பொருள்கள் கொண்டுசேர்த்த பணிக்காகப் பெற்றார்கள். அவர்களில் நிக்கம் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். அந்தச் சாலைகள் எவை, லாரிகளில் என்ன போயிற்று, பனியில் அந்த மலைகளை எப்படிக் கடந்தார்கள் என்று தேடத் தொடங்குங்கள். பதக்கத்துக்கு விலை கொடுக்காமலேயே ஒரு செந்நட்சத்திரத்தின் பின்னால் இருந்த ஆளை நோக்கி நடக்கத் தொடங்கியிருப்பீர்கள்.